மாடி வீட்டுத் தம்பி எங்கள் எல்லோர் கனவிலும் வருகிறார்!

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் வியாசர்பாடி பக்கம் ஒரு பழைய மூன்று மாடி வீட்டில் இருக்கிறோம். ஏழு குடித்தனம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, மொட்டை மாடி எல்லாம் பொது. என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு 34 வயது. ஆறாவது படிக்கும் மகன் இருக்கிறான்.

மேல் மாடியில் ஒரு அம்மாவும் மகனும். மகனுக்கு 26 வயது இருக்கும், லேத் பட்டறையில் வேலை. நல்ல பையன். என் மிக்சி நின்றுபோனால் காசு வாங்காமல் சரிபண்ணிக் கொடுப்பான். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று ராத்திரி அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. மூன்று மாதமாக வேலைக்குப் போவதில்லை, குளிப்பதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்கிறான். கிழவர் பேசுவதுபோல ஒரு குரலில் பேசுகிறான். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "நைட்டு உன் தூக்கத்துல நான் நடந்துக்கினு போனேனே, பாக்கல?" என்று கேட்டிருக்கிறான். அன்று ராத்திரியே அக்கா கனவில் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தானாம். அப்புறம் கீழ் வீட்டுப் பெண்ணுக்கு. அப்புறம் என் மகனுக்கு. போன மாதம் கீழ்த்தளத்துத் தாத்தா (சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு) தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். முதல் நாள்தான் "அவன் என் கால்மாட்டுல நின்னான்" என்று சொன்னார்.

நான் நம்பாமல்தான் இருந்தேன். பத்து நாளைக்கு முன் விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்தது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, பக்கத்தில் மகன் படுத்திருப்பது தெரிகிறது, கை காலை அசைக்க முடியவில்லை. தாழ் போட்ட கதவுக்கு உள்பக்கம் அவன் நின்றான். மெதுவாக வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தான். கத்தினேன், சத்தம் வரவில்லை. மகன் புரண்டு என் மேல் கையைப் போட்டதும் காணாமல் போய்விட்டான்.

இப்போது இந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அவன் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, யார் யார் கனவில் வந்தான் என்று தினமும் காலையில் எழுதுகிறார்கள். வீட்டுக்கு 1,500 ரூபாய் போட்டு அமாவாசைக்கு ஒரு மந்திரவாதியைக் கூப்பிடப் போகிறார்கள். பூஜை முடியும்வரை அவனைக் கட்டிப்போட வேண்டுமாம். அவன் அம்மா அழுகிறார். அவனோ ராத்திரி முழுக்க மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவர் இன்னொருவர் கனவுக்குள் வர முடியுமா டாக்டர்? நாங்கள் வீட்டைக் காலி செய்துவிடலாமா?

பெயர் வேண்டாம், வடசென்னை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு முறை வந்தால்தான் பதில் எழுதுவேன். உங்களுக்கு மட்டும் கடிதம் படித்த அன்றே மின்னஞ்சலில் நாலு வரி அனுப்பியதற்குக் காரணம் பேய் இல்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, ராத்திரி முழுக்க மொட்டை மாடி ஓரம் நின்று கீழே பார்க்கிறான் என்று, அதைப் படித்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். காதைப் பொத்திக்கொள்கிற ஒருவர் உயரத்தில் நின்று கீழே பார்க்கிறார் என்றால், காதுக்குள் என்ன சொல்லப்படுகிறது என்று யாராவது உடனே கேட்டாக வேண்டும். "குதி" என்று சொல்கிற குரல்களும் உண்டு.

மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் பதில் அனுப்பியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பூட்ட வேண்டியது மாடிக் கதவைத்தான், அந்தத் தம்பியை இல்லை. அவர் தனியாக இருக்க வேண்டாம். மாத்திரை, பூச்சி மருந்து, பிளேடு எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் இன்னொருவர் கனவுக்குள் வர முடியாது. ஆனால் நீங்கள் கண்டது பொய் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கே வந்திருக்கிறது. மேற்படிப்பு படிக்கும்போது தொடர்ந்து இரண்டு நைட் டியூட்டி பார்த்துவிட்டு டியூட்டி ரூமில் சாய்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி. மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள் நான், என்ன நடக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் என் படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

நம் பாட்டிமார் இதற்கு வைத்த பெயர் அமுக்குவான் பேய். நாங்கள் தூக்க வாதம் என்கிறோம். நாம் தூங்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வந்து போகும். விடிய விடிய அதன் நீளம் கூடும். உங்களுக்கு மூன்றரை மணிக்கு வந்தது அதனால்தான். கனவுத் தூக்கத்தில் மூளைத்தண்டு, கண்ணையும் மூச்சையும் தவிர உடம்பின் தசைகளை எல்லாம் கிட்டத்தட்ட அணைத்து வைத்துவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடி சுவரில் முட்டிக்கொள்வோம். எப்போதாவது விழிப்பு முந்திக்கொள்ளும், தசைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். கண் திறந்தாயிற்று, அறை தெரிகிறது, கனவின் மிச்சமும் ஓடுகிறது. அசைய முடியாத உடம்பைப் பார்த்து மூளை "ஆபத்து" என்று கூவும். ஆபத்து என்றால் ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆளை அதுவே செய்து கதவருகில் நிறுத்திவிடும்.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததாக அந்த அக்கா சொன்னதும் புரிகிறது. அந்த நேரத்தில் விலா எலும்புக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்வில் இருக்கும், உதரவிதானம் மட்டும்தான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். பயத்தில் ஆழமாக மூச்சு விடப் பார்த்தால் முடியாது. அந்தத் திணறல்தான் நெஞ்சில் பாரமாகத் தெரிகிறது. மகனின் கை பட்டதும் மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரிதான். தொடுகை ஒன்று போதும், விழிப்பு முழுசாகிவிடும்.

நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஏழெட்டுப் பேருக்காவது வாழ்க்கையில் ஒருமுறை இது வந்திருக்கும். ஜப்பானில் கனாஷிபாரி என்பார்கள், துருக்கியில் கராபசான். ஊருக்கு ஊர் உருவம் மாறும். ஒரு ஊரில் சூனியக்காரி, இன்னொரு ஊரில் ஜின். எங்கள் ஹாஸ்டலில் வெள்ளைச் சேலைக் கிழவி. உங்கள் வீட்டில் மாடி வீட்டுத் தம்பி.

ஏன் எல்லோருக்கும் அவரே வருகிறார் என்பதுதான் உங்களை உலுக்குகிறது, இல்லையா? ஏழு குடும்பமும் பகல் முழுக்கப் பேசுவது அவரைப் பற்றித்தான். ராத்திரி படுக்குமுன் கடைசியாகப் பார்ப்பது குரூப்பில் அவர் போட்டோ. காலையில் எழுந்ததும் "நேத்து உனக்கு வந்தானா?" என்ற விசாரணை. வராதவர்கள் கனவை யாரும் எழுதுவதில்லை. கனவில் ரேஷன் கடை க்யூவில் நின்றவரும், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு லேட்டாகப் போனவரும் குரூப்பில் சும்மா இருந்துவிடுகிறார்கள். முகம் சரியாகத் தெரியாத ஒரு உருவத்தைக் கண்டவர்கூட, பேச்சு நடக்கும்போது "ஆமா, அவன்தான்" என்று முகத்தை ஒட்டிக்கொள்கிறார்.

2008-ல் ஒரு இணையதளம் வந்தது. அடர்ந்த புருவமும் லேசான வழுக்கையுமாக ஒரு ஆளின் படம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இவரைக் கனவில் கண்டிருக்கிறார்கள், நீங்களும் கண்டீர்களா என்று கேட்டார்கள். "ஆமாம், எனக்கும் வந்தார்" என்று எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். கடைசியில் பார்த்தால், ஆந்த்ரியா நத்தெல்லா என்ற இத்தாலிய விளம்பரக்காரர் கிளப்பிவிட்ட கட்டுக்கதை. அப்படி ஒரு மனிதரே கிடையாது. இல்லாத ஆளே அத்தனை பேர் கனவில் வர முடிந்தால், தினமும் மாடிப்படியில் பார்க்கிற ஆள் வரமாட்டாரா?

இன்னொன்று. "அவனை நினைக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எல்லோரும் படுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான். 2004-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சகாக்களோடு இதைச் சோதித்தே பார்த்தார். படுக்குமுன் ஐந்து நிமிடம் ஒரு ஆளை நினைக்காமல் இருக்க முயன்ற மாணவர்களின் கனவில்தான் அந்த ஆள் அதிகமாக வந்தார்.

இதற்குமேல் தூக்கக் கேடு வேறு. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பது, லைட்டைப் போட்டே படுப்பது, பயத்தில் எல்லோரும் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு மல்லாந்து கிடப்பது. தூக்கம் குறைந்தாலும் மல்லாந்து படுத்தாலும் அமுக்குவான் கூடுதலாக வரும். பயந்து தூங்காமல் இருக்கிறீர்கள், தூங்காததால் அவர் வருகிறார், வந்ததால் இன்னும் பயம். மூன்று மாதமாக ஏழு வீடும் இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தாத்தா விஷயம்: அவரைப் பார்க்காமல் எதனால் இறந்தார் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள முதியவர் என்கிறீர்கள். மாரடைப்பு அதிகம் வருவது விடியலில் தொடங்கி முற்பகல் வரையிலான நேரத்தில்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். அந்த மரணத்தை 26 வயதுத் தம்பியின் தலையில் கட்டுவது பெரிய பாவம்.

அவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாமி வந்து ஆடுவதை நான் நோய் என்று சொல்கிற ஆள் இல்லை. ஆடி மாதம் எங்கள் தெருக் கோயிலிலும் ஆடுவார்கள். உடுக்கை நிற்கும், திருநீறு பூசுவார்கள், சாமி மலையேறிவிடும். ஆடிய அம்மா வீட்டுக்குப் போய் உலை வைப்பார். அதற்கு ஒரு நேரம், ஒரு இடம், ஒரு முடிவு இருக்கிறது. இந்தத் தம்பிக்கு வந்தது மூன்று மாதமாக மலையேறவில்லை. வேலை போயிற்று, குளியல் போயிற்று, தூக்கம் போயிற்று. இங்கேதான் மருத்துவர் வேண்டும்.

பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது தவறு. கடிதத்தை வைத்துப் பார்த்தால் மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆண்களுக்கு அது பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும். தாங்க முடியாத நெருக்கடியில் மனம் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிற நிலையாகவும் இருக்கலாம். வேறு ஆவி தன்னுள் இருப்பதாக நடந்துகொள்ளும் அந்த நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம் உண்டு. வலிப்பிலும் இப்படி வரலாம். 2007-ல்தான் தெளிவாக இனம் காணப்பட்ட ஒரு வகை மூளை அழற்சி இருக்கிறது. அது வந்தவர்களைப் பார்த்தால் பேய் பிடித்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அதனால் காய்ச்சல், வலிப்பு, வாய் தானாகக் கோணுவது, சாப்பாடு தண்ணீரை அடியோடு மறுப்பது ஏதாவது இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"உன் தூக்கத்துல நடந்துக்கினு போனேனே" என்றாரே, உங்களுக்கு அது பேயின் மிரட்டல். எனக்கு அது ஒரு நோய்க்குறி. தன் நினைப்பு தன் மண்டைக்குள் நிற்காமல் வெளியே கசிகிறது, அடுத்தவர் தலைக்குள் போகிறது என்று சில நோயாளிகள் உறுதியாக நம்புவார்கள். ரேடியோவில் ஒலிபரப்பாவதுபோல என்று விளக்குவார்கள். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மனசுகூட அவருக்கு மிச்சமில்லை.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பதை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். தான் எல்லோர் கனவிலும் நடமாடுகிறோமோ என்று அவருக்கு ஒரு பயங்கரமான சந்தேகம். காலையில் கீழே இறங்கி வந்தால் ஒரு அக்கா "நேத்து நீ என் நெஞ்சுல உக்காந்தடா" என்று கத்துகிறார். ஒரு குழந்தை அவரைக் கண்டதும் வீறிட்டு ஓடுகிறது. ஒரு பெரியவர் இறந்ததற்குக் காரணம் தான் என்று ஊரே சொல்கிறது. அவர் காதில் ஒலிக்கிற குரல் சொல்வதற்கெல்லாம் ஏழு குடும்பம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் மொட்டை மாடிக்குப் போய் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ராத்திரி தூங்கினால் மறுபடியும் யார் கனவுக்காவது போய்விடுவோம் என்றுதான் அவர் விழித்திருக்கிறாரோ என்னவோ. அவர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, குரூப்பிலிருந்து அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லுங்கள். கனவுக் கணக்கு எழுதுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் கனவையும் அவர் காதுபட யாரும் சொல்ல வேண்டாம். படியில் பார்த்தால், "சாப்ட்டியா தம்பி?" என்று பழையபடி கேளுங்கள். "தூக்கத்துல வந்தேனா?" என்று அவர் கேட்டால், "இல்லப்பா, நான் நல்லாத் தூங்குனேன். நீதான் தூங்காம இருக்கே, உனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லுங்கள். வாதாட வேண்டாம்.

மந்திரவாதி பற்றி. கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி வருவதை நான் தடுக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு அது தெம்பு. கட்டிப்போடுவது, அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது இதெல்லாம் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. வசூல் செய்த 10,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அல்லது ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் வைத்தியத்துக்குச் செலவில்லை.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி, அங்கேயே மனநலப் பிரிவு இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலும் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கிய பரம்பரை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாக்காரர்கள் கேலி செய்து செய்தே நம் ஜனங்களை அந்த வாசலை மிதிக்கவிடாமல் பண்ணிவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நீள பெஞ்ச்சில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். ராத்திரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அந்த அம்மாவிடம் "உங்க மகனுக்குப் பைத்தியம்" என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார். "மூணு மாசமா தூங்கலியே, தூக்கத்துக்கு டாக்டரைப் பாப்போம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் தேறுவது தூக்கம்தான். குரல்கள் அடங்க வாரக்கணக்காகும். அதற்குள் "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாமல் யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

உங்களுக்கு: ஒருக்களித்துப் படுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் படுக்கை. மறுபடி அமுக்கினால் எழுந்திருக்கப் போராடாதீர்கள். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை அதன் போக்கில் விடுங்கள். எத்தனை கோரமாக இருந்தாலும் சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம். தலையணைக்கடியில் வேப்பிலையும் இரும்புத் துண்டும் வைத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எங்கள் அம்மாவும் வைப்பார்.

மகனுக்கு வேறு வழி. பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, அந்தக் கனவைப் படமாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அதன் முடிவை அவன் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். கெட்ட கனவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முறை இது. அந்த அண்ணன் மிக்சி ரிப்பேர் பண்ண வந்ததாகக்கூட மாற்றிக்கொள்ளலாம். முடிவு அவனுடையதாக இருக்க வேண்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். புது முடிவைத் தினமும் பத்து நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கட்டும். சில வாரம் பொறுங்கள்.

வீட்டைக் காலி செய்வது உங்கள் விருப்பம். வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடத் தூரம் இவற்றுக்காக மாறுங்கள். கனவுக்காக மாறினால் சாமான் வண்டியிலேயே அதுவும் ஏறி வந்துவிடும்.

அந்த அம்மா சம்மதித்துவிட்டார், வியாழக்கிழமை ஸ்டான்லிக்குப் போகிறார் என்று நேற்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் சீக்கிரமே கிளம்பச் சொல்லுங்கள், கூட்டம் இருக்கும். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும். எந்த நாளிலிருந்து என்னென்ன மாறியது என்று நீங்கள் எனக்கு எழுதியதுபோலவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கனவுகளை விட்டுவிடுங்கள், மொட்டை மாடியை மட்டும் விடாதீர்கள். அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா கூடப் போவாரா என்று கேட்டுப் பாருங்கள்.